பக்கிள் ஓடையும் செய்தி ஓடையும்

தூத்துக்குடிக்காரன்கிட்ட போய் "ஓடை"ன்னு சொன்னா அவனுக்கு முதல்ல ஞாபகம் வர்றது பக்கிள் ஓடைதான். ஊருக்குள்ள சேர்ற கழிவுத்தண்ணி, மழைத்தண்ணி எல்லாத்தையும் சுமந்துட்டுப் போய் கடல்ல விடுற புண்ணியவான். மூக்கைப் பொத்திக்கிட்டே கடக்குற வழக்கம் எங்க எல்லாருக்கும் உண்டு. அதனால "செய்தியோடை"ங்கற வார்த்தையை முதல்முறை படிச்சப்போ எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. யாரோ மலையடிவாரத்து ஊர்க்காரர்தான் இந்தப் பேரை வச்சிருக்கணும் :-)

ஆனா வார்த்தை அருமையான வார்த்தை. இந்தப் பதிவு அந்த ஓடையோட கதைதான். தொழில்நுட்பத் தலைப்புச் செய்திகளை ஒரு சின்ன டெஸ்க்டாப் மென்பொருள்ல படிக்கிறவன் நான். மில்லர்புரத்துல வீட்டுல இருந்தே ஆணி புடுங்குறதால காலைல காப்பியோட முதல் வேலை அதுதான். "இன்னும் இதையெல்லாம் யாருப்பா யூஸ் பண்றா?"ன்னு ஆபீஸ் கூட்டாளி ஒருத்தன் கேட்டான். அவனுக்கு வாய்ல சொன்ன பதில் பத்தலை. அதான் இங்க எழுதிக் கொட்டுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

கதை ஸ்கிரீன்சேவர்ல ஆரம்பிக்குது. 1996-ல அமெரிக்காவுல பாயிண்ட்காஸ்ட்னு ஒரு இலவச மென்பொருள் வந்துச்சு. கம்ப்யூட்டரை சும்மா விட்டுட்டு எழுந்து போனா திரையில செய்தி, பங்கு விலை, வானிலை எல்லாம் ஓடும். நாம தேடிப் போக வேண்டாம், செய்தி நம்மளத் தேடி வரும். அப்போ இதுக்கு "புஷ்"னு பேரு. ஊரே இதைப் பத்தித்தான் பேசுச்சு. ரூபர்ட் முர்டாக்கோட நியூஸ் கார்ப்பரேஷன் 1997-ல சுமார் 45 கோடி டாலர் தர்றேன்னு வந்து நின்னாங்க. இவங்க மாட்டேன்னுட்டாங்க. 1999-ல அதே கம்பெனி 70 லட்சம் டாலர் சுமாருக்கு கைமாறுச்சு. (இந்த ரெண்டு எண்ணையும் அடுத்தடுத்து வச்சுப் பார்த்தா வயித்தைப் பிசையுது.)

ஏன் விழுந்துச்சு? ஒரு ஆபீஸ்ல நூறு பேர் இதைப் போட்டிருந்தா நூறு மெஷினும் ஒரே செய்தியையும் விளம்பரத்தையும் திரும்பத் திரும்ப இழுக்கும். ஆபீஸ் நெட்வொர்க் மூச்சுத் திணறும். பல கம்பெனிகள்ல நெட்வொர்க் பார்க்கிறவங்க இதுக்குத் தடையே போட்டாங்க. அதாவது படிக்கிறவனுக்கு என்ன வேணும், எவ்வளவு வேணும்னு அனுப்புறவனே முடிவு பண்ணினான். இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி மறுபடியும் தேவைப்படும்.

மைக்ரோசாப்ட்டும் சும்மா இருக்கலை. 1997-ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 கூட "சேனல்"னு ஒன்னைக் கொடுத்து, சிடிஎஃப்னு ஒரு எக்ஸ்எம்எல் வடிவத்தையும் கொண்டு வந்தாங்க. டெஸ்க்டாப்புல ஒரு பட்டை வந்து உட்காரும். பெரும்பாலான பேர் செஞ்ச முதல் வேலை அதை மூடினதுதான்.

இனிமேதான் நம்ம ஊர் சம்பந்தம் வருது.

சென்னை ஐஐடில மெக்கானிக்கல் படிச்சு 1986-ல வெளிய வந்தவர் ராமநாதன் குஹா. எழுதும்போது ஆர்.வி.குஹா. மெக்கானிக்கல் படிச்சுட்டு கம்ப்யூட்டர் பக்கம் தாவினவர். (எங்க காலேஜ்லயும் மெக்கானிக்கல் பசங்க பாதிப் பேர் இப்போ ஜாவா அடிக்கிறான். அதுக்கு இவர்தான் முன்னோடின்னு சொல்லிக்கலாம்.) கொஞ்ச காலம் சைக்னு ஒரு பெரிய செயற்கை அறிவுத் திட்டத்துல இருந்தார். உலகத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச சாதாரண விஷயங்களை, தண்ணி ஊத்தினா நனையும்ங்கற மாதிரி விஷயங்களை, கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி எழுதி வைக்கிற திட்டம் அது. அப்புறம் ஆப்பிள். அங்க எம்சிஎஃப்னு ஒன்னு உருவாக்கினார். ஒரு இணையதளத்துல என்னென்ன இருக்கு, எது எதோட சேர்ந்ததுன்னு மெஷினுக்குச் சொல்ற வடிவம். 1997-ல நெட்ஸ்கேப்புக்கு மாறினார். அங்க டிம் ப்ரேயோட சேர்ந்து அதையே எக்ஸ்எம்எல்ல மாத்தி எழுதினார். அதுல இருந்து வளர்ந்ததுதான் ஆர்டிஎஃப்.

1999 மார்ச்ல நெட்ஸ்கேப் தன்னோட "மை நெட்ஸ்கேப்" முகப்புப் பக்கத்துக்காக ஆர்எஸ்எஸ் 0.90-ஐ வெளியிட்டுச்சு. குஹாவோட வேலை அது. யாரு வேணும்னாலும் தன் தளத்துத் தலைப்புகளை ஒரு சின்ன ஃபைல்ல எழுதி வைக்கலாம், வாசகர் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி முகப்புல வச்சுக்கலாம். முதல்ல ஓடி வந்து சேர்ந்தவங்கள்ல ஸ்லாஷ்டாட் மாதிரி தொழில்நுட்பச் செய்தித் தளங்கள் முக்கியம். ஆக, செய்தியோடை பிறந்ததுல இருந்தே டெக் தலைப்புகள்தான் அதுல அதிகம் ஓடுச்சு. கோடு எழுதத் தெரிஞ்சவன்தானே முதல்ல இந்த ஃபைலை எழுத முடியும்!

அதே 1999 ஜூலைல டான் லிப்பி 0.91-ஐக் கொண்டு வந்தார். ஆர்டிஎஃப் சமாச்சாரத்தைத் தூக்கிட்டார், வடிவம் எளிமையாச்சு. டேவ் வைனர்னு ஒரு மனுஷன் 1997 டிசம்பர்லயே தன்னோட ஸ்கிரிப்டிங் நியூஸ் பக்கத்துக்கு இதே மாதிரி ஒரு எக்ஸ்எம்எல் வடிவம் வச்சிருந்தார். அதுல இருந்தும் சில விஷயங்கள் 0.91-க்குள்ள வந்து சேர்ந்துச்சு. குஹா அதுக்குள்ள எபினியன்ஸ்னு ஒரு கம்பெனி ஆரம்பிக்கக் கிளம்பிட்டார். நெட்ஸ்கேப்பை ஏஓஎல் வாங்கிடுச்சு. புது முதலாளிக்கு இந்தக் குழந்தை மேல ஒரு அக்கறையும் இல்லை. 2001-ல 0.91-ஓட இலக்கண ஃபைலையே தளத்துல இருந்து எடுத்துட்டாங்க. அந்த ஃபைலைப் பார்த்து சரிபார்த்துட்டு இருந்த ஓடைகள் அங்கங்க அடைச்சுக்கிச்சு.

அப்பன் இல்லாத பிள்ளைக்கு ஊரெல்லாம் சொந்தம் கொண்டாடும் இல்லையா, அதான் நடந்துச்சு. ஆர்எஸ்எஸ்-டெவ்னு ஒரு குழு, "ஆர்டிஎஃப்தான் சரி, விரிவாக்கலாம்"னு 2000 டிசம்பர்ல ஆர்எஸ்எஸ் 1.0 போட்டாங்க. அந்தக் குழுவுல ஒருத்தர் ஆரோன் ஸ்வார்ட்ஸ், அப்போ வயசு 14. அதே மாசம் வைனர், "எளிமையா இருந்தா போதும்"னு 0.92 போட்டார். அவரே 2002 செப்டம்பர்ல 2.0 போட்டார். இந்த 2.0-க்கும் 1.0-க்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆர்எஸ்எஸ்ங்கற மூணு எழுத்துக்கே மூணு விரிவாக்கம் வந்துடுச்சு: ஆர்டிஎஃப் சைட் சம்மரி, ரிச் சைட் சம்மரி, ரியலி சிம்பிள் சிண்டிகேஷன். இந்தச் சண்டை வேண்டாம்னு 2003-ல சாம் ரூபி ஒரு விக்கி தொடங்கி, அதுல இருந்து வந்த ஆட்டம் 2005 டிசம்பர்ல இணையத் தரமாச்சு. சண்டையை முடிக்க வந்தது கடைசில இன்னொரு வடிவமா போய் நின்னுச்சு. மார்க் பில்கிரிம் 2004-ல உட்கார்ந்து எண்ணிப் பார்த்து, ஒன்னோட ஒன்னு ஒத்துப்போகாத ஆர்எஸ்எஸ் ஒன்பது இருக்குன்னு எழுதினார்.

நம்ம பதிவுலகச் சண்டைகளைப் பார்த்தவங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி. ஆனா இந்தச் சண்டையால ஒரு நல்லதும் நடந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். யாரும் ஜெயிக்காததால யாருக்கும் இது சொந்தமாகலை. 2003-ல வைனர் 2.0-ஓட உரிமையை ஹார்வர்டுல பெர்க்மன் மையத்துக்குக் கொடுத்துட்டார். காசு கட்டி அனுமதி வாங்க வேண்டிய இடம்னு ஒன்னு இல்லவே இல்லை.

படிக்கிற மென்பொருள் எழுதினவங்கதான் பாவம். ஒன்பது வடிவத்தையும் படிக்கணும். எக்ஸ்எம்எல் ரொம்பக் கறார். எங்கயாவது ஒரு "அண்ட்" குறியைச் சரியா எழுதலைன்னா மொத்த ஃபைலும் செல்லாதுன்னு தள்ளணும்ங்கறது விதி. அப்படித் தள்ளினா வாசகர், "உன் மென்பொருள் ஓட்டை"ன்னு திட்டிட்டு அடுத்ததுக்குப் போயிடுவார். அதனால தப்பு இருந்தாலும் பொறுத்துக்கிட்டுப் படிக்கிற பார்சர்கள் வந்துச்சு. அதே மார்க் பில்கிரிம் பைத்தான்ல எழுதின ஃபீட்பார்சர்தான் அதுல பேர் போனது.

டெஸ்க்டாப் ரீடர்கள் 1999-லயே வந்தாச்சு. ஜெஃப் பார் எழுதின ஹெட்லைன் வியூவர் முதல் சிலதுல ஒன்னு. (ஆமா, பின்னாடி அமேசான் கிளவுட் பத்தி விடாம எழுதின அதே ஜெஃப் பார்தான்.) 2002-ல மேக்குக்கு ப்ரெண்ட் சிம்மன்ஸோட நெட்நியூஸ்வயர். 2003-ல விண்டோஸுக்கு நிக் பிராட்பரியோட ஃபீட்டீமன், லூக் ஹட்மனோட ஷார்ப்ரீடர். அதே வருஷம் லினக்ஸுக்கு லிஃபெரியா. லினக்ஸ் ஃபீட் ரீடர்ங்கற பேர்ல ஒவ்வொரு வார்த்தையோட முதல் எழுத்துகளைச் சேர்த்தா வர்ற பேரு. நான் வச்சிருக்கறது இதுதான். இடது பக்கம் ஓடைகள், வலது பக்கம் மேல தலைப்புகள், கீழ செய்தி. படிக்காதது தடிச்ச எழுத்துல நிக்கும். அவ்வளவுதான் மொத்த அலங்காரமும். இன்னும் ஒல்லியா வேணும்னா டெர்மினல்லயே ஓடுற நியூஸ்ப்யூட்டர் இருந்துச்சு, 2007-ல வந்தது. 2017-ல இருந்து நியூஸ்போட்ங்கற பேர்ல அதோட கிளை ஓடுது.

"ஒல்லி"ன்னு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா உங்களுக்கும் பிடிக்கும். ரீடர் போய் ஒரு தளத்துக்கிட்ட, "நான் கடைசியா இன்ன தேதிக்கு வந்தேன், அதுக்கப்புறம் ஏதாச்சும் புதுசு இருக்கா?"ன்னு கேக்கும். இல்லைன்னா சர்வர் 304-னு ஒரு எண்ணை மட்டும் திருப்பி அனுப்பும். "மாறலை, போயிட்டு வா"ன்னு அர்த்தம். சில நூறு பைட்டுல கதை முடிஞ்சது. இருந்தா மட்டும்தான் ஃபைல் வரும். வந்ததுல ஒவ்வொரு செய்திக்கும் ஒரு அடையாள எண் இருக்கும், ஏற்கெனவே பார்த்ததை விட்டுட்டு புதுசை மட்டும் பட்டியல்ல சேர்க்கும். பாயிண்ட்காஸ்ட் பண்ணின அழிச்சாட்டியத்துக்கு நேர் எதிர். அப்படியும் பேராசைப்பட்டு நிமிஷத்துக்கு நிமிஷம் போய்க் கேட்ட ரீடர்கள் இருந்துச்சு. ஸ்லாஷ்டாட் கடுப்பாகி, அரை மணிக்கு ஒரு தடவைக்கு மேல தொந்தரவு பண்றவங்களை அப்படியே தடை பண்ணி வச்சாங்க.

நம்ம ஊர் நெட்டை நினைச்சுப் பாருங்க. பிஎஸ்என்எல் டேட்டாஒன் 2005 ஜனவரில வந்துச்சு, 256 கேபிபிஎஸ் வேகம். மாசத்துக்கு இத்தனை எம்பின்னு அளவு. ராத்திரி 2 மணில இருந்து காலை 8 மணி வரைக்கும் அளவு கிடையாதுன்னு ஒரு திட்டம் இருந்துச்சு. நான் அப்போ சின்னப் பையன். எங்க பெரியப்பா பையன், அண்ணன், அலாரம் வச்சு ரெண்டு மணிக்கு எழுந்து டவுன்லோட் போட்டுட்டு மறுபடி படுப்பான். பெரியம்மாவுக்கு இது பேய் பிடிச்ச கேஸ்னே தோணும். அந்த அண்ணன் மெஷின்லதான் நான் முதல்ல ஒரு ஃபீட் ரீடரைப் பார்த்தேன். ராத்திரியே எல்லா ஓடையும் இறங்கிடும். பகல்ல இணைப்பைத் துண்டிச்சுட்டு நிதானமா படிப்பான். ஆஃப்லைன்ல படிக்கிறதுங்கறது அன்னிக்கு மாசக் கடைசி பில்லைப் பொறுத்த விஷயம்.

தமிழுக்கு இதுல ஒரு கூடுதல் கணக்கும் இருக்கு. யூடிஎஃப்-8ல ஆங்கில எழுத்து ஒன்னுக்கு ஒரு பைட். தமிழ்ல ஒவ்வொரு குறிக்கும் மூணு பைட். "தூத்துக்குடி"ன்னு எழுதினா உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்து 12 குறி, ஆக 36 பைட். ஊர்ப் பேரை ஆங்கிலத்துல எழுதினா 11 பைட்டுதான். முழுப் பதிவையும் ஓடைல விடுற தமிழ் வலைப்பூ, அதே அளவு ஆங்கில வலைப்பூவை விட கனமா இருக்கும். சர்வர் ஜிசிப் பண்ணி அனுப்பினா இந்த வித்தியாசம் நல்லாவே குறையும்.

அதுக்கும் முன்னாடி, தமிழ் தெரியணுமே! விண்டோஸ் 98-ல யூனிகோட் தமிழ் ஒழுங்கா தெரிய படாதபாடு படணும். எக்ஸ்பி வந்த பிறகுதான் லதா எழுத்துரு புண்ணியத்துல நிலைமை சீராச்சு. அதுவரைக்கும் டிஸ்கி, டேப், டேம்னு ஆளுக்கு ஒரு குறியாக்கம். வலைப்பக்கத்துலயாவது எழுத்துருவை இறக்கிப் போட்டுப் படிச்சுக்கலாம். ஃபீட் ரீடர்ல அதுக்கு வழியே இல்லை. டிஸ்கில எழுதின தலைப்பு, தலைல புள்ளி வச்ச ஐரோப்பிய எழுத்துகளா வந்து குதிக்கும். நாலு பதிவரோட தலைப்பு ஒரே பட்டியல்ல தெரியணும்னா நாலு பேரும் ஒரே குறியாக்கத்துல எழுதியாகணும். தமிழ்ப் பதிவர்கள் அவ்வளவு சீக்கிரம் யூனிகோடுக்கு மாறினதுக்கு ஓடையும் ஒரு முக்கியக் காரணம்னு நான் நம்புறேன்.

அந்த மாற்றத்தைக் கண்ணுக்குக் காட்டினது தமிழ்மணம். 2004-ல காசி ஆறுமுகம் ஆரம்பிச்ச திரட்டி. இதைப் படிக்கிற மூத்தவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியது ஒன்னும் இல்லை, நீங்க வாழ்ந்த வரலாறு அது. நான் பின்னாடி வந்தவன், தொழில்நுட்பக் கண்ணால மட்டும் ஒன்னைச் சொல்லிக்கறேன். தமிழ்மணம் பண்ணினது என்ன? ஒரு ஃபீட் ரீடர் என் ஒருத்தனுக்குச் செய்யறதை ஊருக்கே பொதுவா செஞ்சுச்சு. எக்ஸ்எம்எல்னா என்னன்னே தெரியாத வாத்தியாரும், மருத்துவரும், யாழ்ப்பாணத்துல இருந்து டொரண்டோ போனவரும் ஒரே முகப்புல தங்கள் தலைப்பைப் பார்த்துக்கிட்டாங்க. புதுசா எழுத வந்தவன் தலைப்பும் பிரபலத்தோட தலைப்பும் ஒரே அளவு எழுத்துல, நேர வரிசைல நிக்கும். அடுத்த பதிவு வந்ததும் ரெண்டும் ஒரே மாதிரி கீழ இறங்கும். உலகத்துல எத்தனை மொழிக்கு இப்படி ஒரு பொது முற்றம் கிடைச்சுச்சு? அப்புறம் தேன்கூடு, தமிழிஷ்னு பல வந்துச்சு. வாக்குப் பட்டை, சூடான இடுகைனு வரிசை கொஞ்சம் கொஞ்சமா மாற ஆரம்பிச்சதும் கும்மியும் குத்துவெட்டும் கூடிச்சு. அந்தக் கதை எனக்கு வேண்டாம்ப்பா, இன்னும் ஆறாத புண்கள் இருக்கு.

தலைப்புன்னு சொன்னதும் எங்க ஊர் முத்துக்குளிப்பு ஞாபகம் வருது. அரசாங்கம் நடத்தின முத்துக்குளிப்பு தூத்துக்குடில 1961-ஓட நின்னு போச்சு. அதுல ஒரு வழக்கம். கரைக்கு வந்த சிப்பியைத் திறக்காமலே கூறு வச்சு, ஆயிரம் சிப்பி இவ்வளவுன்னு ஏலம் விடுவாங்க. உள்ள முத்து இருக்கா வெறும் சதையான்னு விக்கிறவனுக்கும் தெரியாது, வாங்குறவனுக்கும் தெரியாது. அனுபவஸ்தன் சிப்பியோட வயசு, எந்தப் பாரில எடுத்ததுன்னு பார்த்து விலை சொல்லுவான். தலைப்புச் செய்தி படிக்கிறதும் அப்படித்தான். காலைல இருநூறு தலைப்பு வரும். எந்தப் பார்ல இருந்து வந்ததுன்னு பார்த்தே நூத்தித் தொண்ணூறைத் தள்ளிடலாம். "இந்த போன் வெடிக்குமா?" மாதிரித் தலைப்புகளைத் திறக்காமலே நாத்தத்தை வச்சுக் கண்டுபிடிச்சுடலாம் :-) மிச்சம் பத்தைத் திறந்தா ரெண்டுல முத்து இருக்கும். மொத்தம் கால் மணி நேரம்.

இனி சோகக் காண்டம்.

2004 நவம்பர்ல ஃபயர்பாக்ஸ் 1.0 லைவ் புக்மார்க்கோட வந்துச்சு. 2005 டிசம்பர்ல மைக்ரோசாப்ட், ஃபயர்பாக்ஸோட அந்த ஆரஞ்சு சதுரப் படத்தையே தானும் வச்சுக்கறேன்னுச்சு. சண்டைக் கோழிகள் ஒரு படத்துல சேர்ந்தாங்கன்னா பார்த்துக்கோங்க, ஓடைக்கு அது பொற்காலம். 2005 அக்டோபர்ல கூகுள் ரீடர். ஆபீஸ்ல படிச்சது வீட்டுல படிச்சதாவே காட்டும், இலவசம், வேகம். டெஸ்க்டாப் ரீடர்கள் திணற ஆரம்பிச்சாங்க. ஃபீட்டீமனும் நெட்நியூஸ்வயரும் என்ன செஞ்சாங்க தெரியுமா? 2009-ல தங்கள் ஒத்திசைவு வேலையையே கூகுள் ரீடர்கிட்ட ஒப்படைச்சாங்க. வீடு நம்மது, கிணறு பக்கத்து வீட்டுக்காரர்து.

2011 அக்டோபர் கடைசில கூகுள், ரீடருக்குள்ள நண்பர்களோட பகிர்ற வசதியை எடுத்துட்டு எல்லாரையும் கூகுள் பிளஸ் பக்கம் தள்ளுச்சு. ஈரான்ல தணிக்கையைத் தாண்டிச் செய்தி படிக்க அந்தப் பகிர்வுதான் பலருக்கு வழியா இருந்துச்சுன்னு அப்போ செய்திகள் வந்துச்சு. 2013 மார்ச் 13 அன்னிக்கு அறிவிப்பு, ஜூலை 1-ஓட ரீடருக்கு மூடுவிழா. அறிவிப்பு வந்த 48 மணி நேரத்துல 5 லட்சம் பேர் புதுசா வந்தாங்கன்னு ஃபீட்லி சொல்லுச்சு. ஃபீட்டீமன் எழுதின நிக் பிராட்பரி, ரீடரோட சேர்த்து தன் மென்பொருளையும் நிறுத்திட்டார். பத்து வருஷ உழைப்பு. இலவசமா கிடைச்ச கிணத்தை நம்பினதுக்குக் கொடுத்த விலை.

கூகுள்தான் ஓடையைக் கொன்னுச்சுன்னு ஒரே வரில முடிக்கிறவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. ஆப்பிள் 2012-லயே சஃபாரில இருந்து எடுத்துடுச்சு. ட்விட்டர் 2013-ல ஓடையை நிறுத்துச்சு. ஃபேஸ்புக் 2015-ல. ஃபயர்பாக்ஸே 2018 டிசம்பர்ல லைவ் புக்மார்க்கைக் கழட்டிடுச்சு. எல்லாருக்கும் காரணம் ஒன்னுதான். ஓடைல படிக்கிறவன் எதை முதல்ல படிச்சான், எவ்வளவு நேரம் நின்னான்னு தெரியாது. நேர வரிசையைக் கலைச்சு நடுவுல ஒன்னைச் சொருகவும் முடியாது. பாயிண்ட்காஸ்ட் ஞாபகம் இருக்கா? அனுப்புறவனே முடிவு பண்ற அந்தப் பழைய "புஷ்" இன்னிக்கு போன்ல நோட்டிபிகேஷனாவும், முடிவே இல்லாம கீழ உருளுற திரையாவும் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கு. அதைவிட நூறு மடங்கு சாமர்த்தியமா.

இதுல எனக்குத் தனிப்பட்ட ஒரு விஷயம் இருக்கு. ரீடர் மூடுறப்போ அண்ணன் தன்னோட ஓடைப் பட்டியலை ஒரு ஓபிஎம்எல் ஃபைலா எடுத்து பென்டிரைவ்ல போட்டு என்கிட்ட கொடுத்தான். நான் அப்போ ஸ்கூல் முடிக்கல. ஓபிஎம்எல்னா பெரிய மந்திரம் இல்லை, ஓடை முகவரிகளை வரிசையா எழுதின ஒரு சாதா ஃபைல். எந்த ரீடர்லயும் ஏத்தலாம், எந்த ரீடர்ல இருந்தும் எடுக்கலாம். இன்னிக்கு என் லிஃபெரியால ஓடுறது அதே ஃபைல்தான், நான் சேர்த்தது தனி.

அதுல ரெண்டு கூடை. டெக் கூடைல இருக்கறது ஏறக்குறைய எல்லாம் இன்னும் ஓடுது. தமிழ்னு பேர் போட்ட கூடைல முக்காவாசிக்கு மேல நின்னு போச்சு. கெட்டுப் போகலை, நின்னு போச்சு. வித்தியாசம் இருக்கு. பிளாக்ஸ்பாட் ஓடைகளைப் போய்க் கேட்டா பதில் வருது, "மாறலை, போயிட்டு வா". கடைசிப் பதிவோட தேதியைப் பார்த்தா வயிறு கலங்கும். 2011, 2012, 2013. கடைசித் தலைப்புகளைப் படிச்சா யாரும் விடைபெற்றுப் போன மாதிரி தெரியல. "தொடரும்"னு போட்ட தொடர்கதை இருக்கு. "மீதியை நாளைக்கு எழுதறேன்"னு முடிச்ச பயணக் கட்டுரை இருக்கு. தனி டொமைன் வாங்கினவங்க நிலைமை இன்னும் மோசம். சந்தா கட்டாம விட்ட முகவரியை யாரோ வாங்கி, தமிழ்க் கவிதை ஓடின இடத்துல சீட்டாட்ட விளம்பரம் ஓடுது. அதை மட்டும் பட்டியல்ல இருந்து நீக்கினேன்.

மத்ததை நீக்கலை. அரை மணிக்கு ஒரு தடவை போய்க் கேட்டா ஆகற செலவு சில நூறு பைட்டு. கேட்டுட்டுப் போகட்டுமே. போன வருஷம் ஒரு நாள் அந்தக் கூடைல ஒரு வரி தடிச்ச எழுத்துல நின்னுச்சு. ரொம்ப வருஷமா எழுதாம இருந்த ஒரு ஈழத்துப் பதிவர். நீளமா ஒன்னும் இல்லை, அம்மா தவறிட்டாங்கன்னு நாலு பத்தி. ஃபேஸ்புக்ல போட்டிருந்தா எனக்கு வந்திருக்காது, நான் அவருக்கு நண்பரே இல்லை. அவரை எனக்கு யாருன்னும் தெரியாது. அண்ணன் எப்பவோ ஒரு ராத்திரி ரெண்டு மணிக்குச் சேர்த்து வச்ச ஓடை அது. அண்ணனுக்கு வாட்ஸப்ல அனுப்பினேன். "டேய், இவர் இன்னும் எழுதுறாரா?"ன்னு கேட்டான்.

சரி, ஆபீஸ் கூட்டாளிக்கும் சேர்த்து நடைமுறைக்கு வர்றேன். டெஸ்க்டாப் ரீடர் வேணும்னா லினக்ஸ்ல லிஃபெரியா, மேக்ல நெட்நியூஸ்வயர் (2018-ல சிம்மன்ஸ் கைக்கே திரும்பி வந்து இப்போ ஓப்பன் சோர்ஸா இருக்கு), விண்டோஸ்னா ஆர்எஸ்எஸ் கார்ட். சேர்க்கிறப்போ முதல் நாளே அம்பது ஓடையைக் கொட்டாதீங்க. பத்து போதும். ஒரு நாளைக்கு நூறு செய்தி போடுற பெரிய டெக் தளங்களைத் தனிக் கூடைல போடுங்க, இல்லைன்னா மாசத்துக்கு ஒரு தடவை எழுதுறவர் அந்த வெள்ளத்துல காணாமப் போயிடுவார். மாசத்துக்கு ஒரு தடவை எழுதுறவருக்காகத்தான் இந்த மென்பொருளே.

எழுதுற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிளாகர்ல செட்டிங்ஸ் போய் சைட் ஃபீட் பகுதியைப் பாருங்க. நிறைய பேர் அங்க "ஷார்ட்"னு வச்சிருக்கீங்க, ஓடைல ரெண்டு வரிதான் வருது. ஹிட் கவுன்ட்டர் ஓடணும்னு அந்தக் காலத்துல வச்சது, அப்படியே கிடக்கு. அதை "ஃபுல்"னு மாத்திடுங்க. பதிவு உங்க தளத்துல இல்லாமப் போனாலும் எவனோ ஒருத்தன் ஹார்ட் டிஸ்க்ல முழுசா இருக்கும்.

டிஸ்கி: இது குறியாக்க டிஸ்கி இல்லை, டிஸ்கிளைமர் டிஸ்கி. பக்கிள் ஓடையைக் கிண்டல் பண்ணதுக்கு எங்க ஊர்க்காரங்க கோச்சுக்க வேண்டாம். மழைக்காலத்துல அது இல்லைன்னா நம்ம கதி என்னன்னு எல்லாருக்கும் தெரியும்.